தீவிர சிகிச்சையும் குழந்தையின் தோலும்: தழும்புகளின் வரலாறு

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் குழந்தையின் தோலில் தோன்றும் புண்கள், தடிப்புகள், உரிதல்கள் ஆகியவற்றில் கணிசமானவை அந்தக் குழந்தையைச் சேர்க்கக் காரணமான நோயால் வந்தவை அல்ல. படுக்கை, பிளாஸ்திரி, மூச்சுக்குழாய், ஊசி, கிருமிநாசினி என்று உயிரைக் காக்க வந்த பொருட்கள்தான் அவற்றை உண்டாக்கின. மருத்துவமனை ஒவ்வொரு காலத்திலும் ஒரு புதுக் கருவியையோ புது மருந்தையோ கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அதற்கே உரிய காயம் ஒன்றும் மருத்துவ ஏடுகளில் பதிவாயிற்று. குழந்தைத் தோலைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பலவும் அந்தப் பதிவுகளிலிருந்து கற்றவையே.

இதற்கு அடிப்படைக் காரணம் அளவு. எடையோடு ஒப்பிட்டால் பிறந்த குழந்தையின் தோல்பரப்பு பெரியவர்களுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே உடம்பு முழுக்கத் தடவும் மருந்து, கிலோ கணக்கில் பார்த்தால், குழந்தைக்குள் அதிகமாகவே இறங்கும். குறைமாதக் குழந்தைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மேல்தோலின் உச்சியில் தடுப்புச் சுவராக நிற்க வேண்டிய உயிரற்ற செல்களின் அடுக்கு, 24 அல்லது 25 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இருப்பதாகவே சொல்ல முடியாது. ஸ்வீடனின் உப்சாலாவில் ஹாமர்லுண்ட், செடின் இருவரும் 1979இல் இதை அளந்து பார்த்தார்கள். மிகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தோல் வழியே ஆவியாகும் நீர், நிறைமாதக் குழந்தையோடு ஒப்பிட 15 மடங்கு வரை போனது. நீர் வெளியே போகிற அதே வழியில் நச்சு உள்ளே வரும். பிறந்து இரண்டு மூன்று வாரங்களில் இந்தச் சுவர் பெரும்பாலும் எழுந்துவிடுகிறது என்பதும் பிறகு தெரிந்தது. தீவிர சிகிச்சையின் மிகக் கடுமையான நாட்களும் அதே இரண்டு மூன்று வாரங்கள்தான்.

குழந்தைகளை நூற்றுக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பார்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் அநாதைச் சிசு இல்லங்களில் பெருகியது. பெற்றோர் விட்டுச் சென்ற கைக்குழந்தைகளைச் செவிலித்தாய்களைக் கொண்டு வளர்த்த அந்த இல்லங்களில் மரணம் அன்றாட நிகழ்ச்சி. பிராகாவில் இருந்த அப்படியோர் இல்லத்தின் மருத்துவர் கோட்ஃபிரீட் ரிட்டர் ஃபான் ரிட்டர்ஸ்ஹைன், பத்தாண்டுகளில் தாம் கண்ட 297 குழந்தைகளின் விவரத்தை 1878இல் வெளியிட்டார். நோய் பெரும்பாலும் வாயைச் சுற்றிய சிவப்பாகத் தொடங்கும். ஓரிரு நாளில் சிவப்பு உடல் முழுக்கப் பரவும். பிறகு கொதிநீர் கொட்டியதுபோல மேல்தோல் தகடு தகடாகக் கழன்று வரும். விரலால் லேசாகத் தேய்த்தாலே தோல் நழுவும். ரிட்டரின் வருணனை அவ்வளவு துல்லியமாக இருந்ததால் நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. காரணத்தை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

காரணம் தெரிய 92 ஆண்டுகள் பிடித்தன. 1970இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் மெரியன் மெலிஷ், லோவெல் கிளாஸ்கோ என்ற இருவர், நோயுற்ற குழந்தைகளிடமிருந்து எடுத்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைப் பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குட்டிகளுக்குள் செலுத்தினார்கள். குட்டிகளின் தோல் உரிந்தது. வளர்ந்த எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிருமி உடலில் எங்கோ ஓர் இடத்தில் இருந்தபடி ஒரு நச்சை வெளியிடுகிறது, அது இரத்தத்தோடு போய்த் தோலைக் கழற்றுகிறது என்பது இதிலிருந்து துலங்கியது. பச்சைக் குழந்தையின் சிறுநீரகம் அந்த நச்சை வேகமாக வெளியேற்றாது. அதை எதிர்க்கும் திறனும் உடலில் இன்னும் உருவாகியிருக்காது. மேல்தோல் செல்களை ஒன்றோடொன்று பிணைத்துவைக்கும் டெஸ்மோக்ளீன் 1 என்ற புரதத்தையே நச்சு வெட்டுகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000இல் காட்டினார்கள்.

நச்சு வெளியிலிருந்து உள்ளே போகும் கதை இதைவிட வேதனையானது, ஏனென்றால் அங்கே கிருமி என்ற எதிரியே கிடையாது. 1886இல் பிரிட்டனில் ரேனர் என்ற மருத்துவர், பிறந்த குழந்தைகள் சிலர் காரணமில்லாமல் நீலம் பாரித்ததைக் கவனித்தார். மூச்சிலும் இதயத்திலும் குறை தெரியவில்லை. கடைசியில் குற்றவாளி இடுப்புத்துணியில் குத்தப்பட்ட முத்திரை என்று தெரிந்தது. மருத்துவமனைத் துணி என்று அடையாளம் தெரிய அனிலின் சாய மையால் முத்திரை குத்தி, துவைக்காமலே குழந்தைக்குக் கட்டியிருந்தார்கள். ஈரத் துணியிலிருந்து அனிலின் தோல் வழியே ஏறி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி இரத்தத்தின் ஹீமோகுளோபினை மாற்றிவிட்டது. துவைத்துக் காயவைத்த துணியைக் கட்டியதும் தொல்லை தீர்ந்தது. இவ்வளவு எளிய பாடம் மறக்கப்பட்டு, 20ஆம் நூற்றாண்டிலும் இதே மைக் கதை வெவ்வேறு மருத்துவமனைகளில் திரும்பத் திரும்ப நடந்தது.

அடுத்தது போரிக் அமிலம். நம் வீடுகளில் கேரம் பலகையில் தூவும் பவுடர்தான். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேற்கத்திய மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் இடுப்புத்துணிப் புண்ணுக்கு அதைக் கைநிறைய அள்ளிப் பூசினார்கள். புண்ணில்லாத தோலில் போட்டால் பெரிய கெடுதல் இல்லை. தோல் ஏற்கெனவே புண்ணாகி உரிந்திருந்தால் அமிலம் நேராக இரத்தத்தில் சேர்ந்தது. வாந்தி, பேதி, வலிப்பு, உடலெங்கும் நண்டுச் சிவப்பு, பிறகு தோல் உரிதல் என்று போய்ப் பல குழந்தைகள் இறந்தன. உடல் சிவந்து உரிவதைக் கண்டு இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். 1950களில் இந்த மரணங்கள் தொகுத்து வெளியிடப்பட்ட பிறகே பவுடர் டப்பா பிள்ளை வார்டிலிருந்து வெளியேறியது. அதன் பிறகும் தோல் வழியே நச்சு ஏறுவது நிற்கவில்லை. 1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு சிறு பிரசவ மருத்துவமனையில் குழந்தைகள் காரணம் தெரியாமல் வியர்த்துக் கொட்டி மூச்சுத் திணறின. சலவையில் பூஞ்சை வராமலிருக்க அளவுக்கு மீறிச் சேர்த்த பென்டாகுளோரோஃபீனால் துணியில் தங்கியிருந்தது.

இந்த வரிசையில் மிகப் பெரியது ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி. அதன் வரலாற்றில் நல்ல நோக்கமே முழுக்க முழுக்க இருந்ததால் அது சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. 1950களில் பெனிசிலினுக்கு அடங்காத, ஃபேஜ் வகை 80/81 என்று பெயரிடப்பட்ட ஸ்டாஃபிலோகாக்கஸ் வகை ஒன்று ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிரசவ வார்டுகளுக்குள் புகுந்தது. குழந்தைகளுக்குக் கொப்புளம், தொப்புள் சீழ், நிமோனியா. வீட்டுக்குப் போன பிறகு தாய்க்கு மார்பில் கட்டி. குழந்தைகளையெல்லாம் ஒரே அறையில் வரிசையாகக் கிடத்தி, ஒரே நர்ஸ் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கும் முறையே கிருமிக்குப் பாதை போட்டது. அப்போது கைக்கு வந்தது 3 சதவீத ஹெக்ஸாகுளோரோஃபீன் கலந்த சோப்புக் கரைசல். தினமும் குழந்தையை அதில் குளிப்பாட்டினால் தோலில் கிருமி குடியேறுவது வெகுவாகக் குறைந்தது. பத்தாண்டுக்கும் மேலாக அமெரிக்காவின் பிரசவ மருத்துவமனைகளில் அது வழக்கமான நடைமுறையாக இருந்தது.

மருந்து தோலுக்குள் போகிறதா என்று கேட்டவர்கள் குறைவு. எலிகளின் மூளையில் அது துவாரங்கள் உண்டாக்குகிறது என்று ஆய்வுகள் சொன்ன பிறகு, 1971 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்துத் துறை குழந்தைகளை அதில் முழுக்கக் குளிப்பாட்டுவதை நிறுத்தச் சொன்னது. நிறுத்திய சில வாரங்களிலேயே பல மருத்துவமனைகளில் ஸ்டாஃபிலோகாக்கஸ் மறுபடி தலைதூக்கியது. நர்ஸுகளுக்கு எதை நம்புவது என்று தெரியாத நிலை. 1972இல் பிரான்ஸ் அந்தக் கேள்விக்குக் கொடூரமான பதிலைத் தந்தது. மோராஞ்ச் என்ற நிறுவனத்தின் குழந்தைப் பவுடரில் தவறுதலாக 6 சதவீதத்துக்கும் மேல் ஹெக்ஸாகுளோரோஃபீன் கலந்துவிட்டது. 204 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 36 பேர் இறந்தார்கள். சில ஆண்டுகளில் அமெரிக்க நோய்க்கூறு ஆய்வாளர்களும், இறந்த குறைமாதக் குழந்தைகளின் மூளைத்தண்டில் அதே துவாரங்களைக் கண்டார்கள். 1,400 கிராமுக்குக் கீழ் பிறந்து, அந்தக் கரைசலில் பலமுறை குளிப்பாட்டப்பட்ட குழந்தைகளிடம்தான் அவை அதிகம் இருந்தன. தோலைக் கிருமியிடமிருந்து காப்பதும் குழந்தையைக் காப்பதும் வேறு வேறாகிவிடலாம் என்பது இதற்குப் பிறகே மருத்துவப் பாடத்தில் ஏறியது.

அழுத்தத்தால் வரும் படுக்கைப் புண்ணின் வரலாறு தனிப் பாதையில் வந்தது. நெடுங்காலம் அது பெரியவர்களின், குறிப்பாக முதியவர்களின் நோயாகவே எண்ணப்பட்டது. பாரிஸில் நரம்பியல் மேதை ழான் மார்த்தன் ஷார்கோ, நரம்பு சேதமடைவதாலேயே தோல் அழுகுகிறது என்று கற்பித்தார். அப்படியானால் புண்ணைத் தடுக்க வழியே இல்லை. அவருக்கு முன்பே பிரவுன் செக்கார், முதுகுத்தண்டு வெட்டப்பட்ட விலங்குகளை அழுத்தமும் ஈரமும் படாமல் வைத்தால் புண் வருவதில்லை என்று காட்டியிருந்தார். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் இந்தப் பழியை நோயின்மீது போடாமல் பெரும்பாலும் செவிலியத்தின்மீதே போட்டார். ஆனாலும் ஷார்கோவின் கருத்தை அவருடைய புகழ் பல பத்தாண்டுகள் வாழவைத்தது. யூஜின் லாண்டிஸ் 1930இல் நகக்கண்ணின் நுண்குழாயில் இரத்த அழுத்தத்தை நேரடியாக அளந்து, தமனிப் பக்கத்தில் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரசம் என்றார். 1959இல் மைக்கேல் கோசியாக் விலங்குகளில் செய்த சோதனைகள், அதிக அழுத்தம் சிறிது நேரமும் குறைந்த அழுத்தம் நெடுநேரமும் ஒரே கேட்டைச் செய்யும் என்று காட்டின. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில்லில் முதுகுத்தண்டு முறிந்த போர்வீரர்களை லுட்விக் குட்மன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடவைத்தது இந்த இரு ஆய்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்.

குழந்தைகள் இந்தக் கதைக்குள் மூச்சுக் கருவியோடு நுழைந்தார்கள். அதுவரை அசைய முடியாத அளவுக்கு நோயுற்ற குழந்தை நெடுநாள் பிழைத்திருந்ததே அரிது. 1928 அக்டோபரில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் போலியோவால் மூச்சு நின்றுபோகும் நிலையில் இருந்த எட்டு வயதுச் சிறுமியை இரும்பு நுரையீரலுக்குள் வைத்தார்கள். நிமிடங்களில் நினைவு திரும்பியது. தலை மட்டும் வெளியே, கழுத்தைச் சுற்றிக் காற்று கசியாதபடி இறுக்கமான ரப்பர் பட்டை. உள்ளே இருக்கும் உடலைத் துடைக்கவும் திருப்பவும் வேண்டுமானால் உருளையைத் திறக்க வேண்டும், திறந்தால் மூச்சு நிற்கும். 1931இல் ஜான் ஹேவன் எமர்சன் செய்த மலிவான மாதிரியில் கைநுழைக்கும் வட்டச் சாளரங்கள் வைத்ததால் நர்ஸின் கை கடைசியில் குழந்தையின் முதுகை எட்டியது. 1952இல் கோபன்ஹேகனின் பிளெக்டாம் மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் பியோன் இப்சன், போலியோ நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிட்டுப் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்கச் சொன்னார். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்துப் பையை அழுத்தினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. குழந்தைகளுக்கான தனிப் பிரிவு 1955இல் ஸ்வீடனின் கோட்டன்பர்க்கிலும், 1967இல் பிலடெல்ஃபியாவிலும் தொடங்கியது.

கருவிகள் பெருகியபோது காயம் முதுகிலிருந்து முகத்துக்கு நகர்ந்தது. 1960களில் தொண்டைத் துளைக்குப் பதிலாக மூக்கு வழியே நெகிழிக் குழாய் செலுத்தினார்கள். குழாய் நாசித் துவாரத்தின் ஓரத்தை அரித்தது. 1971இல் ஜார்ஜ் கிரிகரி, மூச்சு விடும்போதும் நுரையீரலில் அழுத்தம் குறையாமல் வைக்கும் முறையை அறிவித்தார். குறைமாதக் குழந்தைகள் பிழைக்கும் வாய்ப்பே மாறிப்போனது. அந்த அழுத்தத்தை மூக்கில் செருகும் சிறு முனைகள் வழியே கொடுக்கத் தொடங்கியதும், இரு துவாரங்களுக்கும் நடுவே உள்ள மெல்லிய திசு அழுத்தப்பட்டுக் கருகும் காயம் புதிதாகப் பதிவாயிற்று. சில கிராம் எடையுள்ள முனை. ஆனால் அதைக் காற்று கசியாமல் இறுக்கிப் பிடிக்கும் தொப்பியும் நாடாவும் நாள் முழுக்க அழுத்துகின்றன.

ஆக்சிஜனை அளக்கும் முயற்சி விட்ட அடையாளம் வேறு விதம். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் இன்குபேட்டருக்குள் தாராளமாக விட்ட ஆக்சிஜன் உலகெங்கும் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகளின் பார்வையைப் பறித்தது. அதனால் இரத்த ஆக்சிஜனை ஊசி குத்தாமல், விடாமல் அளக்க வேண்டிய கட்டாயம். ஜெர்மனியின் மார்புர்க்கில் ஹூக் தம்பதியரும் லூபர்ஸும் 1970களின் தொடக்கத்தில் தோலில் ஒட்டும் மின்முனையைக் கொண்டுவந்தார்கள். அது 43, 44 டிகிரி செல்சியஸ் வரை சூடேறித் தோலின் இரத்தக் குழாய்களை விரியவைத்தே அளவு காட்டும். மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். மாற்றிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு நாணயம் அளவுக்கு வட்டச் சிவப்பு. மாற்ற மறந்தால் கொப்புளம். அக்காலத்துக் குறைமாதக் குழந்தையின் மார்பும் வயிறும் வட்டங்களால் நிறைந்திருக்கும். ஜப்பானின் தாகுவோ அயோயாகி 1974இல் வகுத்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர் முறை 1980களில் பரவியபோது இந்த வட்டங்கள் அருகின. விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டிய ஒளிப்பட்டையின் தடம் அவற்றின் இடத்துக்கு வந்தது.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் நிகலஸ் ரட்டரும் உடன் பணிபுரிந்தவர்களும் இந்தக் காயங்களை ஒரு துறையாகவே எடுத்துக்கொண்டார்கள். 1982இல் அவர்கள் பதிவுசெய்த ஒரு நிகழ்ச்சி பரவலாகக் கவனிக்கப்பட்டது. தொப்புளில் குழாய் செலுத்தும் முன் துடைத்த ஆல்கஹால் கலந்த கிருமிநாசினி, விலாவழியே வழிந்து குழந்தையின் முதுகுக்கடியில் தேங்கியது. மல்லாந்து கிடந்த குறைமாதக் குழந்தையைத் திருப்பிப் பார்க்காததால் அது அங்கேயே ஊறிற்று. முதுகுத்தோல் இரத்தம் கட்டிக் கருகியது, இரத்தத்திலும் ஆல்கஹால் ஏறியிருந்தது. கிருமிநாசினியைச் சிறிதளவே தொட்டு, காய்ந்ததும் துடைத்தெடு என்ற விதிக்குப் பின்னால் இப்படிப்பட்ட முதுகுகள் உண்டு. இதே குழு 1990இல், தீவிர சிகிச்சை பெற்றுப் பிழைத்த குழந்தைகளின் தழும்புகளையே எண்ணிப் பார்த்தது. குதிகாலில் இரத்தம் எடுக்கக் குத்திய புள்ளிகள், மார்பில் குழாய் செருகிய சுருக்கம், கையிலும் காலிலும் ஊசி நழுவிக் கால்சியம் போன்ற மருந்து திசுவுக்குள் கசிந்த இடத்துத் திட்டுகள் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தன. மருந்து கசிந்த உடனே அந்த இடத்தைச் சலைன் பாய்ச்சிக் கழுவினால் தோலைக் காப்பாற்ற முடியும் என்று டேவிட் கால்ட் 1993இல் எழுதிய முறை இன்றும் பயன்படுகிறது. பிளாஸ்திரி பிய்க்கும்போது பசையோடு மேல்தோலும் வரும் தொல்லைதான் எல்லாவற்றிலும் சாதாரணமானது. அதனாலேயே அதை எவரும் நெடுநாள் எழுதிவைக்கவில்லை. சிலிகான் பசை கொண்ட மென்மையான பட்டைகள் வந்தது அண்மையில்தான்.

படுக்கைப் புண்ணுக்கு ஆளாகக்கூடியவர் யார் என்று மதிப்பெண் போடும் முறையை டோரீன் நார்ட்டன் 1962இல் முதியவர்களுக்காக உருவாக்கினார். பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ரோம் ஆகியோரின் அளவுகோல் 1987இல் வந்தது. குழந்தைகளுக்கு அதை மாற்றியமைத்தவர்கள் சாண்டி குவிக்லியும் மார்த்தா கர்லியும், ஆண்டு 1996. பிரேடன் கியூ என்ற அந்த அளவுகோலில் திசுவுக்கு இரத்தமும் ஆக்சிஜனும் போவதையும் தனியாகக் கணக்கில் சேர்த்தார்கள். கர்லியின் குழு 2003இல் மூன்று குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 322 பேரைத் தொடர்ந்து கவனித்தது. 86 பேருக்கு, அதாவது 27 சதவீதத்தினருக்கு, அழுத்தப் புண் வந்தது. பெரும்பாலானவை தோல் சிவந்த அளவிலேயே இருந்த முதல்நிலைப் புண்கள். குழந்தைக்குப் புண் வராது என்ற பழைய நம்பிக்கை அத்துடன் போயிற்று.

புண் வரும் இடமும் பெரியவர்களுக்கு வருவதுபோல இல்லை. கைக்குழந்தையின் உடலில் தலையே கனமான உறுப்பு என்பதால் பிடரிதான் முதலில் அழுந்துகிறது. இதய அறுவைக்குப் பின் மயக்க மருந்தில் மணிக்கணக்காக அசையாமல் கிடந்த குழந்தைகளுக்குப் பிடரியில் முடி கொட்டி, சிலருக்கு அந்தச் சொட்டை நிலையாகத் தங்கியது. இரத்த அழுத்தம் நிலைகுலைந்த குழந்தையைத் திருப்பவே முடியாது என்றிருந்த நிலையில், உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் இரண்டு மணிக்கு ஒருமுறை மெல்லத் திருப்பினாலே பிடரிப் புண் குறைகிறது என்பது 1980களின் இறுதியில் அமெரிக்க நர்ஸுகள் கண்ட வழி. 2018இல் கர்லியின் குழு வெளியிட்ட பிரேடன் கியூடி என்ற புது அளவுகோல், குழந்தையின்மீது ஒட்டியும் செருகியும் இருக்கும் கருவிகளை எண்ணி மதிப்பெண் போடுகிறது. குழந்தைகளின் காயங்களில் பெரும்பங்கு படுக்கையால் அல்ல, கருவிகளால் வருகிறது என்பதே அதற்குக் காரணம்.

இந்த அளவுகோல்களும் வகைப்பாடுகளும் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை என்ற குறை நெடுநாள் இருந்தது. முதல்நிலைப் புண்ணின் அடையாளம், விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்தச் சிவப்பு தெரியாது. நிறம் சற்றுக் கருத்தோ ஊதாவாகவோ மாறுவதுதான் தெரியும், அதுவும் நல்ல வெளிச்சத்தில். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கடினமாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதை 1990களின் இறுதியில் அமெரிக்க வரையறை சேர்த்துக்கொண்டது. சென்னையிலும் கொழும்பிலும் வார்டில் நிற்கும் நர்ஸுக்குப் பாடநூலின் வண்ணப்படத்தைவிட இந்தத் திருத்தமே பயன்படும்.

தெற்காசியாவிலிருந்து இந்த வரலாற்றுக்குச் சேர்ந்த பங்கு எண்ணெய். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது இங்கே வீட்டு வழக்கம். மருத்துவமனை அதை நெடுநாள் சந்தேகத்தோடு பார்த்தது. வங்கதேசத்திலும் வட இந்தியாவிலும் தேய்க்கும் கடுகெண்ணெய், எலிகளின் தோலில் தடுப்புச் சுவர் ஆறுவதைத் தாமதப்படுத்தியது என்று 2002இல் ஓர் ஆய்வு சொன்னது. சூரியகாந்தி எண்ணெயோ ஆறுவதை விரைவுபடுத்தியது. கேரி டார்ம்ஸ்டாட்டும் அவருடைய வங்கதேச சகாக்களும் டாக்கா சிசு மருத்துவமனையில் 33 வாரத்துக்கு முன்பே பிறந்த 497 குழந்தைகளை வைத்துச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் இரு வாரம் நாளுக்கு மூன்று முறை சூரியகாந்தி எண்ணெய் தடவிய குழந்தைகளுக்கு மருத்துவமனையில் தொற்றும் நோய் 41 சதவீதம் குறைந்தது. அதற்கு ஓராண்டு முன்னால், 2004இல், மேற்கத்திய மருத்துவமனைகளில் 1,000 கிராமுக்கு மேற்படாத 1,191 குழந்தைகளுக்குக் களிம்பு தடவிய பெரிய சோதனை நேர்மாறாகச் சொல்லியிருந்தது: தோல் பளபளப்பாக இருந்தது, ஆனால் இரத்தத்தில் தோல்வாழ் ஸ்டாஃபிலோகாக்கஸ் தொற்று கூடியது.

இரண்டும் பொய்யல்ல. டாக்காவில் இன்குபேட்டரும் ஈரக்காற்றும் குறைவு, தோலில் விழும் கிருமி அதிகம். அங்கே எண்ணெய்ப் படலம் இல்லாத சுவருக்கு மாற்றாக நின்றது. மேற்கத்திய மருத்துவமனைகளில் குழந்தையின் உடலில் நுழைந்திருந்த குழாய்கள் பல. களிம்பு ஈரத்தைத் தக்கவைத்துக் கிருமிக்கும் இடம் கொடுத்திருக்கலாம். அதனால் உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கான வழிகாட்டியை வெளியிட்டபோது, உடம்பில் எண்ணெய் தடவுவதைப் பரிசீலிக்கலாம் என்று மட்டும் சொன்னது, கட்டாயமாக்கவில்லை.